தவிட்டுப்பழம் கோஜிக்கு மாற்றாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், சீன மருத்துவம் போற்றும் சத்துப் பழங்களைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. சீனத்திலிருந்து உலர்ந்து வரும் சிவப்புப் பழமான கோஜி பெர்ரியின் பெருமையையும் விலையையும் சொல்லிவிட்டு, நீலகிரியிலும் பழனி மலையிலும் கேட்பாரற்றுக் காய்க்கும் தவிட்டுப்பழத்துக்கும் இதே குணம் உண்டு, அதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் இரத்தம் ஊறும், கோஜிக்குச் செலவழிக்க வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நம் மலைப் பழத்துக்கு இந்த மரியாதை கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்த முடிவை அப்படியே நம்பி நடந்தால் சிலருக்குக் கெடுதல் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

தென்சீனத்தில் தவிட்டுப்பழம் மருந்துதான். கோஜியைப் போலவே உடம்பைத் தேற்றும் பழமாகத்தான் அதையும் கொள்கிறார்கள். அதுவரை கட்டுரை சரி. ஆனால் வயிற்றுக்குள் போனதும் இரண்டும் செய்வது நேரெதிரான வேலை. கோஜி இனிப்பு; உலர்ந்ததை ஈரமாக்கும்; மலத்தை இளக்கும் பக்கம் சாயும். ஆகவே வயிறு இளகிப் போகிறவர்களுக்கும், சளிக் காய்ச்சல் புதிதாகப் பிடித்தவர்களுக்கும் சீன வைத்தியர்கள் அதைக் கொடுப்பதில்லை. தவிட்டுப்பழம் இனிப்போடு துவர்ப்பு. துவர்ப்பு என்றால் என்ன செய்யும் என்று நம் சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சுருக்கும், கட்டும், ஒழுகுவதை நிறுத்தும். சீன மருந்து நூல்களில் இந்தப் பழத்துக்குச் சொல்லியிருக்கும் விலக்கே மலச்சிக்கல் உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது என்பதுதான். ஒன்று வயிறு இளகியவருக்கு ஆகாது, மற்றது வயிறு கட்டியவருக்கு ஆகாது. இப்படியிருக்க ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் செடியைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன். தாவரவியலில் ரோடோமிர்ட்டஸ் டோமென்டோசா. கொய்யா, நாவல், கிராம்பு எல்லாம் சேர்ந்த குடும்பம்; தவிட்டுக் கொய்யா என்று சிலர் சொல்வதும் பொருத்தமே. ஆள் உயரப் புதர், சில இடங்களில் அதற்கு மேலும் வளரும். இலைகள் எதிரெதிராக, தடித்து, மேலே பளபளவென்று இருக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் வெள்ளைப் பஞ்சு போர்த்தியிருக்கும். காம்புப் பக்கத்திலிருந்து மூன்று நரம்புகள் நுனிவரை ஓடும். ரோஜா நிறப் பூவுக்கு ஐந்து இதழ். முதிர முதிர வெளுக்கும். பச்சைக் காய் சிவந்து, பிறகு கருநீலமாகும். பழத்தின் தலையில் ஐந்து புல்லி இதழ்கள் கிரீடம் போல நிற்கும். சதை ஊதா, உள்ளே நெருநெருவென்று சின்ன விதைகள். அமில மண்ணில்தான் செழிக்கும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளிலும் கோடைக்கானல் சோலை ஓரங்களிலும் இதைப் பார்க்கிறோம். தென்சீனத்தின் குவாங்டோங், குவாங்சி, ஹைனான் செம்மண் குன்றுகளிலும் இதே செடி உண்டு. சீனத் தாவரவியலார் இதை அமில மண்ணைக் காட்டும் செடியாகவே குறிப்பிடுகிறார்கள்.

இலை, பழம் இரண்டின் குணத்தையும் அழகாகப் பதிவு செய்தவர் சீனத்தின் சோங் அரச மரபுக் காலத்துக் கவிஞர் ஸூ டோங்போ. 1097 முதல் 1100 வரை ஹைனான் தீவில் நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தவர். வழியோரமெல்லாம் பூத்திருந்த இந்தப் புதரைப் பற்றி அவர் எழுதிய குறிப்பில், பழம் மிக இனிப்பு, உள்ளிருக்கும் நுண்ணிய விதைகள் மெல்லும்போது நெருநெருக்கும், துவர்ப்பும் உண்டு, பிள்ளைகள் தின்றால் சில நேரம் மலம் இறங்காமல் போகும் என்கிறார். இலைகளின் வெண்மையைச் சொல்லிவிட்டு, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வயிற்றுக்கடுப்பு வந்தால் கிராமத்து மக்கள் இந்த இலையைத் தின்று குணமடைகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஒன்பது நூற்றாண்டுக்கு முந்திய இந்தச் சிறு குறிப்பில் இருக்கும் எச்சரிக்கை நம் கட்டுரையில் இல்லாமல் போனது வருத்தமே.

இனி இரத்தம் ஊறும் விஷயத்துக்கு வருவோம். சீன மருத்துவத்தில் இரத்தக் குறைவு என்பது முகம் வெளிறுவது, தலைசுற்றல், பிரசவத்துக்குப் பிந்திய சோர்வு, அதிக இரத்தப்போக்குக்குப் பின் வரும் பலவீனம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் ஒரு நிலை. ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்ற கணக்கு அதில் இல்லை. தவிட்டுப்பழம் அங்கே பெயர் பெற்றதற்கு முக்கியக் காரணம் அது போகிற இரத்தத்தை நிறுத்துவதுதான். குவாங்சோ நகரின் மகளிர் மருத்துவர் லுவோ யுவான்காய் கட்டுக்கடங்காத மாதவிடாய்ப் போக்குக்கு வகுத்த கூட்டுமருந்தில் இச்செடியின் வேரும், நிலத்தில் படரும் ஒரு மெலாஸ்டோமா செடியின் வேரும் முதன்மைச் சரக்குகள். அதோடு இரத்தத்தைப் போஷிக்கும் சரக்குகளைத் தனியாகச் சேர்த்தார். ஓட்டையை அடைப்பது ஒன்று, குடத்தை நிரப்புவது வேறொன்று என்று அந்த மருத்துவர்களுக்கே தெரிந்திருந்தது.

நம் ஊரில் இந்தப் பழத்தின் கஷாயத்தை யார் குடிக்கப் போகிறார்கள்? இரத்தசோகை என்று சொல்லப்பட்டவர்கள்தான், அதிலும் பெண்கள்தான். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். இங்கேதான் சிக்கல். துவர்ப்புக்குக் காரணமான டானின், இரும்பைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கடுக்காய்த் தண்ணீரில் அன்னபேதியைப் போட்டால் கன்னங்கரேலென்று மையாவதைப் பெரியவர்கள் அறிவார்கள்; அந்த அன்னபேதிதான் ஃபெரஸ் சல்ஃபேட், இரும்பு மாத்திரையில் இருக்கும் அதே உப்பு. சந்தேகமிருந்தால், வடிகட்டிய தவிட்டுப்பழக் கஷாயத்தை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் பொடித்த இரும்பு மாத்திரை ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். நிறம் இருண்டு போவது கண்ணுக்குத் தெரியும். அப்படிக் கட்டுண்ட இரும்பைக் குடலால் உறிஞ்ச முடியாது. இரத்தம் ஊற வேண்டுமென்று குடித்த கஷாயமே இரத்தத்துக்கு வேண்டிய இரும்பைத் தடுத்துவிடும். போதாக்குறைக்கு, இரும்பு மாத்திரையே பலருக்கு மலச்சிக்கல் தரும். அதன்மேல் இந்தத் துவர்ப்பும் சேர்ந்தால் இரண்டு நாளில் வயிறு இறுகி, கஷாயத்தை விடுவதற்குப் பதிலாக மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இதுதான் நான் மிகவும் அஞ்சுவது. மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். சாப்பிட்ட கையோடு கட்டன் தேநீர் குடிக்கும் நம் மலைப் பழக்கத்துக்கும் இதே விதிதான், அதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

நீலகிரிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. இந்தியப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் என்னும் பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு இருப்பது முதன்முதலில் 1952-இல் அறிவிக்கப்பட்டது இந்த மலையில் நடந்த ஆய்விலிருந்துதான். லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வு அது. அரிவாள் செல் நோயில் வரும் சோகை, சத்துக் குறைவால் வருவதன்று. சிவப்பணுக்கள் வளைந்து சீக்கிரமே உடைந்து போவதால் வருவது. பழமும் கஷாயமும் அதைத் தொடவே தொடாது. மூட்டு வலி, கைகால் வீக்கம், அடிக்கடி காய்ச்சல் என்று பிள்ளை அவதிப்படும் காலத்தில் இரத்தம் ஊறக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் பரிசோதனை தள்ளிப் போகும். 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின் நோக்கமே பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையுள்ள எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்வதுதான். வெளிறிப்போன முகத்தைப் பார்த்ததும் முதலில் போக வேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்.

இவ்வளவும் சொன்னதால் பழத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பழுத்த பழத்தை ஒரு கை அள்ளித் தின்பது நல்ல தின்பண்டம். தோலிலும் விதையிலும் பிசியாடனால் என்ற தாவர வேதிப்பொருள் போன்ற நல்ல பொருட்கள் உண்டு, நார்ச்சத்தும் உண்டு. ஜெல்லிக்கும் ஜாமுக்கும் அருமையான பழம். மருந்தாக என்றால், காய்ச்சலோ இரத்தமோ இல்லாத சாதாரண வயிற்றுப்போக்குக்கு இது பொருத்தம். அந்த உபயோகத்துக்குப் பழத்தைச் சேகரித்து வைக்க விரும்புகிறவர்களுக்குச் செய்முறையைச் சொல்கிறேன்.

நன்றாகக் கறுத்து, தொட்டதும் காம்பிலிருந்து கழன்று வரும் பழம் மட்டுமே வேண்டும். இழுத்தால்தான் வரும் என்ற பழத்தில் துவர்ப்பு மிஞ்சியிருக்கும். வயிறு இறுகுவது பெரும்பாலும் அதனால்தான். தேயிலைப் பாத்தியை ஒட்டி நிற்கும் புதர்களில் பறிக்க வேண்டாம். தேயிலைக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து இதன்மேலும் படியும், பழத்தோலில் இருக்கும் மெல்லிய ரோமம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிள்ளைகளைப் பறிக்க அனுப்பினால், பக்கத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் உண்ணிச்செடியையும் அடையாளம் காட்டி அனுப்புங்கள். அதன் பச்சைக் காய் நஞ்சு. தலையில் கிரீடம், இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு, இரண்டும் இருந்தால் மட்டுமே தவிட்டுப்பழம்.

பறித்த அன்றே கழுவி, கிரீடத்தைக் கிள்ளி எறிய வேண்டும். அந்தக் குழிக்குள் நீரும் தூசியும் தங்கும். பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்பும். பிறகு இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வைத்து எடுத்து, இரண்டாக நறுக்கி, தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். குவாங்சி பக்கம் இப்படி ஆவியில் வேகவைத்து வெயிலில் உலர்த்தித்தான் அரிசிச் சாராயத்தில் ஊறப்போடுகிறார்கள். வெயில் அவர்களுக்கு உண்டு. நமக்குப் பதினோரு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். மலையில் வெயிலை மட்டும் நம்பினால் பாதி உலர்ந்த நிலையில் இரவு ஈரம் ஏறிப் புளித்துவிடும். மின் உலர்த்தியில் 55 முதல் 60 டிகிரி செல்சியஸில் வைப்பதே நல்லது. அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் தோல் மட்டும் காய்ந்து இறுகி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். பார்க்கக் காய்ந்தது போலவே இருக்கும், பத்து நாளில் பூஞ்சை பூக்கும். ஒரு கிலோ பழம் ஏறத்தாழ 200 கிராமுக்கு வந்தால் சரியான பதம். ஆறியதும் கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் நிரப்பி மூடி ஒரு வாரம் கவனியுங்கள். மூடியின் உட்புறம் வியர்த்தால் மறுபடி உலர்த்தியில் வைக்க வேண்டும். கறுத்த பழத்தில் பூஞ்சை கண்ணுக்கு எளிதில் தெரியாது. மூக்குதான் சாட்சி, பழைய சாக்கு வாடை அடித்தால் முழு ஜாடியையும் கொட்டிவிடுங்கள், நல்லதைப் பொறுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள்.

சீன மருந்து நூல்கள் சொல்லும் அளவு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த பழம் 6 முதல் 15 கிராம், பச்சைப் பழமாக இருந்தால் 15 முதல் 30 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். உலர்ந்த பழம் 10 கிராமை 400 மில்லி குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவைத்து, அதே நீரோடு சிறு தீயில் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டவும். வடித்த பழத்தில் 300 மில்லி நீர் விட்டு மறுமுறை பாதியாகக் காய்ச்சி, முதலில் வடித்ததோடு சேர்த்து, காலை மாலை என இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். மண்சட்டி, எனாமல், எவர்சில்வர் மூன்றும் ஆகும். இரும்புச் சட்டி கூடவே கூடாது. காரணத்தை மேலே பார்த்துவிட்டோம். அலுமினியமும் வேண்டாம். இரண்டு நாளில் வயிறு நிற்கவில்லை என்றால் மூன்றாம் நாளும் அதையே குடிப்பதில் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள். நின்றுவிட்டால் உடனே கஷாயத்தையும் நிறுத்த வேண்டும்.

காய்ச்சலோடு வரும் போக்கு, மலத்தில் இரத்தம் அல்லது சீதம், கடும் வயிற்று வலி ஆகியவற்றுக்கு எடுத்த எடுப்பில் துவர்ப்பு மருந்து தரக் கூடாது. திருடனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதே என்பது சீன வைத்தியர்களின் பழமொழியே. ஸூ டோங்போ சொன்ன இலை வைத்தியத்தையும் இந்த எல்லைக்குள் வைத்தே பார்க்க வேண்டும். இலையிலிருந்து பிரித்தெடுத்த ரோடோமிர்ட்டோன் என்ற பொருள் சில பாக்டீரியாக்களைக் கொல்வதைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் கண்டதைக் குழந்தையின் வயிற்றில் சோதித்துப் பார்க்க முடியாது. குழந்தைக்கு வயிறு போனால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும்தான் முதல் மருந்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் மலச்சிக்கல், மூலம் உள்ளவர்களும் கஷாயத்தை நினைக்கவே வேண்டாம். மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்று பழத்தைக் கருக வறுத்துப் பொடித்துச் சாப்பிடும் சீன முறையைக் கேள்விப்பட்டுச் சிலர் கேட்கிறார்கள். முறை உண்மைதான். ஆனால் அந்தப் போக்குக்குக் கட்டியா, தைராய்டா, வேறெதுவுமா என்று பார்க்காமல் போக்கை மட்டும் மறைத்தால் நோய் உள்ளே வளரும்.

வேர் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். சீனக் கூட்டுமருந்துக்கு வேர் வேண்டுமென்றால் புதரையே பெயர்க்க வேண்டும். அங்கே இது குன்று முழுக்கப் பரவிய செடி. இங்கே தேயிலைக்கும் சவுக்குக்கும் குடியிருப்புக்கும் இடம் விட்டு ஒதுங்கி, சோலை விளிம்பிலும் புல்வெளி ஓரத்திலும் மிச்சமாக நிற்பது. பறவைகளுக்கும் கரடிக்கும் அதில் பங்கு உண்டு. காப்புக் காட்டுக்குள் வெளியாட்கள் பறிப்பது சட்டப்படியும் குற்றம். 2006 வன உரிமைச் சட்டத்தின்படி சிறு வன மகசூலைச் சேகரிக்கும் உரிமை அங்கே வாழும் மக்களுடையது. இரத்தம் ஊறும் என்ற ஒரு வரி பரவினால் சாக்கோடு ஏறி வர ஆட்கள் இருக்கிறார்கள். வேண்டுகிறவர்கள் வீட்டு வேலியில் வளர்க்கலாம். கனிந்த பழத்தின் விதையைக் கழுவி, சுண்ணாம்பு சேராத அமில மண்ணில் மேலாகத் தூவினால் போதும். கட்டட இடிபாடு கலந்த மண்ணில் இலை மஞ்சளித்துத் தேய்ந்துவிடும், அதைப் பார்த்து உரம் போட்டுப் பயனில்லை.

கோஜி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. சீன அரசு மருந்துத் தொகுப்பு கூறும் அளவு நாளொன்றுக்கு 6 முதல் 12 கிராம். கண்ணுக்கு நல்லது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு: 2021-இல் வெளிவந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகச் சிற்றாய்வில் 45 முதல் 65 வயதுக்குட்பட்டவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் 28 கிராம் வீதம் 90 நாட்கள் உண்டபோது விழித்திரையின் காப்பு நிறமி கூடியது. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தமே 27 பேர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். அந்த நிறமி கொழுப்பில் கரைவது. ஆகவே வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரை மட்டும் குடித்துப் பழத்தை எறிவது வீண். உணவோடு பழத்தையும் மென்று தின்ன வேண்டும். வாங்கும்போது காம்பு இருந்த தழும்பைப் பாருங்கள். அது வெளிறியிருக்க வேண்டும். அதுவும் சிவந்திருந்தால் சாயம் ஏற்றியது. தண்ணீரில் போட்டதும் நீர் இளமஞ்சளாக வேண்டும், சிவக்கக் கூடாது. காரமான கந்தக வாடை அடித்தால் ஆஸ்துமாக்காரர்கள் தொடவே கூடாது. இதயத்துக்காகவோ இரத்தக் கட்டிக்காகவோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் கோஜியை முற்றிலும் தவிர்க்க வேண்டும். 2001-இல் மருத்துவ இதழில் வந்த பதிவொன்றில், கோஜிக் கஷாயம் குடித்த 61 வயதுப் பெண்ணுக்கு இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 4.1 வரை ஏறியிருந்தது. 2-க்கும் 3-க்கும் இடையே இருக்க வேண்டிய எண் அது. அதே வகை மருந்தான அசெனோகூமரால் சாப்பிடுகிறவர்களும் இதே எச்சரிக்கையைத் தமக்கும் உரியதாகக் கொள்வது நல்லது.

கட்டுரை வந்த அதே பக்கத்தில், தவிட்டுப்பழம் கோஜிக்கு மாற்றன்று என்பதையும், இரும்பு மாத்திரையோடு சேர்த்து அதைக் கொள்ளக் கூடாது என்பதையும், இரத்தசோகைக்கு முதலில் பரிசோதனை வேண்டும் என்பதையும் பழம் கறுக்கத் தொடங்கும் முன்பே திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். இந்தக் கடிதம் முழுவதற்கும் இடமில்லை என்றால் இரும்பு மாத்திரை பற்றிய பத்தியை மட்டுமாவது வெளியிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தாவரவியல் ஆசிரியர் (ஓய்வு),
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்